சிபியூ நோடுகளை இப்போதைக்கு அணைக்காதீர்கள்: கணினி மைய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை உங்கள் கண்காணிப்பு மென்பொருள் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. என் ஜாப் (கணினியில் ஓடவிட்ட வேலை), ஒதுக்கிய ஜிபியூவில், அதாவது ஏராளமான கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் சிப்பில், 4 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறதாம். இப்படியே போனால் ஒதுக்கீடு குறைக்கப்படுமாம்.

அந்த ஜாப், முந்தைய நாள் மாலை 6 மணிக்கு நான் கியூவில் போட்ட 48 மணி நேர மழை முன்னறிவிப்பு. ஓடத் தொடங்கியது விடியற்காலை 5 மணிக்கு. மழை கொட்டித் தீர்த்தது நள்ளிரவில். இதை முன்னறிவிப்பு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கியூவில் எனக்கு முன்னால் நின்ற ஜாப்களில் ஒன்றின் பெயர் 'டெஸ்ட்_ஃபைனல்_3'. அது யாருடையதோ, நன்றாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியும், மூன்று தடவை எழுதிவிட்டேன். அடுத்த காலாண்டோடு சிபியூ நோடுகளை, அதாவது ஜிபியூ இல்லாமல் சாதாரணச் செயலிகளில் ஓடும் கணினிகளை, எல்லாம் அணைத்துவிடப் போகிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான்: எங்கள் மாடல், அதாவது வானிலையைக் கணக்கிடும் நிரல், முழுதாக ஜிபியூவுக்கு மாறி, அதைச் சரிபார்த்து முடிக்கும்வரை, அந்த நோடுகளில் ஒரு பகுதியையாவது விட்டுவையுங்கள்.

அந்த 4 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வானிலையை 3 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறோம். கணக்கில் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் காலத்தில் 18 விநாடி முன்னால் போகிறோம், 48 மணி நேரத்துக்கு 9,600 அடி. இதில் ஜிபியூவுக்கு மாற்றி முடித்தது, மேகத்துக்குள் நீராவி துளியாகி, பனியாகி, மழையாகும் கணக்கு மட்டும். ஒவ்வொரு அடியிலும் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் என்று முப்பரிமாண அணிகள் (எண் அட்டவணைகள்) மொத்தமும் சிபியூ நினைவகத்திலிருந்து ஜிபியூவுக்குப் போகும். அங்கே கண் இமைக்கும் நேரத்தில் கணக்கு முடியும். அப்புறம் எல்லாம் மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வரும். இப்படி 9,600 தடவை. காற்று, கதிர்வீச்சு, தரைப்பரப்பு என்று மீதி வேலையை சிபியூ செய்து முடிக்கும்வரை ஜிபியூ சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த சிபியூவிலும், ஒரு ஜிபியூவுக்கு 8 கோர் (சிபியூவுக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி) என்ற உங்கள் கணக்குப்படி எனக்குக் கிடைப்பது 8 கோர். இதே மாடல் முன்பு 256 கோரில் ஓடியது. நான் ஜிபியூவை வீணடிக்கிறேன் என்கிறீர்கள். சரி, உண்மைதான். அந்த ஜிபியூ வரிசைக்குப் போகச் சொன்னது யார்?

இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கலும் இல்லை. 2008-லேயே டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாடலின் மேகக் கணக்கை ஜிபியூவில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தப் பகுதி கிட்டத்தட்ட 10 மடங்கு வேகமானது. மொத்த மாடல் வேகமானது 1.23 மடங்கு. நூறு நிமிட ஓட்டத்தில் 25 நிமிடம் தின்னும் பகுதியை ஒன்றுமில்லாமல் ஆக்கினாலும் மீதி 75 நிமிடம் அப்படியேதானே இருக்கும்? வானிலை மாடலில் 'இந்த இடத்தைச் சரிசெய்தால் போதும்' என்று ஓரிடம் கிடையாது. வேலை ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதிய லட்சக்கணக்கான வரிகளில் பரவிக் கிடக்கிறது. முழுவதையும் மாற்றினால்தான் அணிகள் ஜிபியூவிலேயே தங்கும், அலைச்சல் ஒழியும்.

முடியாததா என்றால், இல்லை. சுவிட்சர்லாந்தின் வானிலை அலுவலகம் 2016-ல் காஸ்மோ என்ற வானிலை மாடலை ஜிபியூவில் அன்றாட முன்னறிவிப்புக்கே கொண்டுவந்துவிட்டது. ஆனால் எப்படி? காற்றோட்டக் கணக்கை சி++ நிரல்மொழியில் அடியிலிருந்து எழுதினார்கள், மேகம், கதிர்வீச்சு போன்ற ஃபிசிக்ஸ் பகுதிக்கு ஓபன்ஏசிசி வரிகள் (எதை ஜிபியூவில் ஓட்டுவது என்று சொல்லும் குறிப்புகள்) சேர்த்தார்கள். நிரலாளர்களும் வானிலைக்காரர்களும் பல வருடம் சேர்ந்து உட்கார்ந்த வேலை அது. இங்கே அந்த வேலைக்கு இருப்பது நானும் ஒரு ஆய்வு மாணவரும். அவருக்கும் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கிறது. யானை வாங்கியவர்கள் அங்குசத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாம்.

சரிபார்ப்பது இதைவிடப் பெரிய பாடு. ஜிபியூவில் கூட்டும் வரிசை வேறு, தசமத்தை வெட்டும் இடம் வேறு. கடைசி இலக்கத்தில் தொடங்கும் வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து மழை பெய்யும் இடத்தையே மாற்றிவிடும். அது வெறும் இலக்க வித்தியாசமா, நாங்கள் கோடில் விட்ட பிழையா என்று ஒரு நாள் ஓட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டையும் அக்கம்பக்கமாக ஓட்டி ஒப்பிட வேண்டும். சிபியூவை அணைத்துவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

போன கூட்டத்தில் உங்களில் ஒருவர், "ஏஐ மாடலைப் போட்டுவிட்டுப் போங்களேன், சில நிமிடத்தில் பத்து நாள் முன்னறிவிப்பு வந்துவிடுமே" என்றார். வரும், மறுக்கவில்லை. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை மையமே 2025 பிப்ரவரியில் ஏஐஎஃப்எஸ் என்ற தன் ஏஐ மாடலை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் பழைய இயற்பியல் மாடலை அது மூட்டை கட்டிவிடவில்லை. இரண்டும் ஓடுகின்றன. ஏஐ மாடல் கிளம்புவதற்கு 'இப்போது வானம் எப்படி இருக்கிறது' என்ற தரவு வேண்டும், அதைத் தயாரித்துக் கொடுப்பது இயற்பியல் மாடலை வைத்து நடக்கும் வேலைதான். கூட்டத்தில் இதைச் சொல்ல வாயெடுத்தபோது தேநீர் இடைவேளை அறிவித்துவிட்டீர்கள்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மன்னிக்கவும். பணிவாகவே மறுபடி கேட்கிறேன். மாற்றமும் சரிபார்ப்பும் முடியும்வரை 256 கோர் அளவுக்காவது சிபியூ நோடுகளை விட்டுவையுங்கள். முடிந்தால் ஒரே ஒரு ஜிபியூ நிரலாளரை இரண்டு வருடத்துக்குக் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால், முன்னறிவிப்பு ஜாப்களுக்குக் கியூவில் முன்னுரிமையாவது தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கியூவில் நிற்கும் ஒரு வானிலை மாடல்காரன்

பி.கு.: இதை அந்த மின்னஞ்சலுக்குப் பதிலாகத்தான் அனுப்பப் பார்த்தேன். 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று அடியில் போட்டிருந்தது.