விதி தானாக வெல்லவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காலப்பயணக் கதைகள் எல்லாமே 'நடப்பது நடந்தே தீரும்' என்ற முடிவுக்குத்தான் வந்து சேர்கின்றன என்று தங்கள் வார இணைப்பில் வெளியான கட்டுரை கூறியிருந்தது. 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில் ஹார்லன் எலிசன் எழுதி, 1967 ஏப்ரல் 6 அன்று ஒளிபரப்பான 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' அத்தியாயத்தையும் அந்த வரிசையில் சேர்த்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்து அளவுக்கு மீறி உடலில் ஏறியதால் சித்தம் கலங்கிய விண்கல மருத்துவர் மெக்காய், எதிர்காலத்திலிருந்து 1930ஆம் ஆண்டு நியூயார்க்கிற்குள் புகுந்து, ஏழைகளுக்கு உணவளிக்கும் எடித் கீலரைச் சாலை விபத்திலிருந்து காப்பாற்றிவிடுகிறார். எடித் முன்னெடுக்கும் அமைதி இயக்கத்தால் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவது தாமதமாகி, அணுகுண்டு முதலில் ஜெர்மனியின் கைக்குப் போய்விடுகிறது. இதைச் சரிசெய்ய, தன் துணை அதிகாரி ஸ்பாக்குடன் வரும் விண்கலத் தலைவர் கேப்டன் கிர்க், அந்தப் பெண்ணிடமே மனதைப் பறிகொடுக்கிறார்.

ஒரு காட்சியில் மாடிப்படியில் கால் இடறும் எடித்தைக் கிர்க் சட்டென்று தாங்கிப் பிடிக்கிறார். எடித் சாக வேண்டிய விபத்து அதுவாகவே இருந்திருக்கலாம் என்று ஸ்பாக் எச்சரிக்கிறார். ஊழ் தானே உருத்து வந்து ஊட்டும் என்றால் அந்த எச்சரிக்கைக்குத் தேவையே இல்லை. ஸ்பாக்கின் கருவியில் எடித்தின் 1930 மரணச் செய்தியும், 1936இல் அவர் அமெரிக்க அதிபரைச் சந்தித்த செய்தியும் இருவேறு வரலாறுகளாகத் தெரிகின்றன. எது நிலைக்கும் என்பதை மனிதர்களே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அமைதிதானே சரியான வழி என்று கிர்க் கேட்க, எடித் சொன்னது சரி, காலம்தான் தவறு என்கிறார் ஸ்பாக். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில் ஒளிபரப்பான இந்தப் பதில், எத்தனை முறை பார்த்தாலும் என்னை உறுத்துகிறது.

எலிசனின் மூலப்பிரதியில் முக்கியமான நொடியில் கிர்க்கால் எடித்தைச் சாகவிட முடிவதில்லை. காப்பாற்ற ஓடும் இன்னொரு பாத்திரத்தைத் தடுப்பது ஸ்பாக். ஒளிபரப்பான வடிவத்திலோ, எடித்தைக் காப்பாற்றப் பாயும் மெக்காயைக் கட்டிப்பிடித்து நிறுத்துபவர் கிர்க்கேதான். என்ன செய்தாய் தெரியுமா என்று மெக்காய் பதறும்போது, அவருக்குத் தெரியும் என்று ஸ்பாக் பதில் சொல்கிறார். தெரிந்தே ஒருவர் செய்ததை விதியின் கணக்கில் எழுதிவிடுவது, அந்த அத்தியாயத்துக்கும் கிர்க்கின் துயரத்துக்கும் நியாயமாகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி