பணிஸ் விலை ஏறாது: லைசென்ஸ் கட்டணம் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாகக் கல்லாவில் நிற்கும் பொடியனிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "நகரசபை மாநகர சபையாகிவிட்டது, லைசென்ஸ் காசு கூடுமாம், பணிஸ் விலையும் கூடுமோ?" அவனுக்குப் பதில் தெரியாது. சிரித்துக்கொண்டு மிச்சக் காசைக் கொடுத்துவிடுகிறான். அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் பதில்: லைசென்ஸ் காசுக்காக எங்கள் கடையில் எந்தப் பொருளின் விலையும் ஏறாது.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் திருகோணமலைக்கு மாநகர சபை என்ற பெயரில்தான் வாக்களித்தோம். பெயர்ப்பலகையோடு சட்டமும் மாறுகிறது. அதற்கு முன்னர் எங்களுக்கு 1939ஆம் ஆண்டின் நகரசபைக் கட்டளைச் சட்டம். மாநகர சபைகளுக்கு இருப்பது 1947ஆம் ஆண்டின் வேறொரு கட்டளைச் சட்டம். பேக்கரி, சாப்பாட்டுக் கடை மாதிரியான இடங்கள் வருடா வருடம் எடுக்கும் உத்தரவுப்பத்திரத்துக்கு (அதுதான் லைசென்ஸ்) நகரசபை கேட்கக்கூடிய உச்சத் தொகை 1,000 ரூபா. மாநகர சபைக்கு அது 5,000 ரூபா. உச்ச வரம்புக்குள் எவ்வளவு என்று சபைதான் தீர்மானித்து வர்த்தமானியில் போட வேண்டும். சரி, மோசமான கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1,000 கட்டியவர் 5,000 கட்டுகிறார் என்றால் கூடுவது 4,000. 365 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 11 ரூபாகூட இல்லை. நாங்கள் பாண், பணிஸ், ரோல்ஸ் எல்லாமாக ஒரு நாளைக்கு 400 அளவில் விற்கிறோம். ஒரு பணிஸின் தலையில் மூன்று சதம்கூட விழாது. இதைச் சொல்லிப் பத்து ரூபா ஏற்றுகிற கடைக்காரர் உங்களிடம் வேறு எதையோ மறைக்கிறார்.

உண்மையில் எனக்கிருக்கும் குறை தொகையில் இல்லை, கட்டணப் படிகளில்தான். கட்டணம் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமானத்தைப் பார்த்து வருகிறது. அதாவது அந்த இடம் வருடத்துக்கு என்ன வாடகைக்குப் போகும் என்ற மதிப்பீடு. நகரசபைச் சட்டத்தில் அது 750 ரூபா வரை இருந்தால் 500, 1,500 வரை 750, அதற்கு மேலே எல்லாருக்கும் 1,000. மாநகர சபைச் சட்டத்திலும் ஆண்டுப் பெறுமானம் 2,500 ரூபாவைத் தாண்டினாலே மேல் படிதான். வருட வாடகை 2,500 ரூபா! இந்த ஊரில் ஒரு சைக்கிளை நிறுத்தி வைக்க இடம் தருவார்களா அந்தக் காசுக்கு? நாலு மேசை போட்ட தேத்தண்ணிக் கடையும் குளிரூட்டி போட்ட பெரிய உணவகமும் ஒரே மேல் படியில் வந்து நிற்பது இதனால்தான்.

லைசென்ஸ் தேவைப்படாத தொழில்களுக்கு வரும் வியாபார வரியும் இதே கதைதான். நகரசபைச் சட்டத்தில் அதன் கடைசிப் படி போன வருட வரவு 1,50,000 ரூபாவுக்கு மேல் என்பது, வரி 3,000. நாளுக்கு 411 ரூபா வரவு என்றால் போதும், அங்கே போய்விடலாம். பஸ் நிலையத்தடியில் வடை விற்பவர் காலை பஸ் போகுமுன்னே அதைத் தாண்டிவிடுவார். இந்தப் படிகளைப் பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும். மாற்றினால் பெரியவர்கள் கூடக் கட்டுவார்கள், என்னைப்போல நடுவில் நிற்பவர்களும் கொஞ்சம் கூடக் கட்ட வேண்டி வரலாம். எனக்கு அது சம்மதம். அதுவரை சபைக் கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளை ஏசி ஒரு பிரயோசனமும் இல்லை.

"உப்புவெளிக் கடைக்காரருக்கு இதெல்லாம் இல்லையே" என்று ஒரு ஐயா கேட்டார். அவருக்கும் உண்டு. ஆனால் உப்புவெளி 'பட்டினமும் சூழலும்' என்ற பிரதேச சபைக்குள் வருகிறது. அங்கே 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், உச்சம் இன்னமும் 1,000.

இன்னொன்று. வற் வரிக்கும் (பெறுமதி சேர் வரி) சபைக்கும் சம்பந்தமில்லை. அது கொழும்புக்குப் போகும் காசு; 2024 ஜனவரியில் 18 வீதமானது. நாங்கள் அதற்குப் பதிவு செய்யும் அளவு பெரிய கடை இல்லை. எங்கள் பில்லில் வற் என்று ஒரு வரி எப்போதாவது கண்டால் உடனே என்னைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று: பால் தேத்தண்ணி அடுத்த மாதம் பத்து ரூபா கூடும். காரணம் பால்மாவும் காஸும். லைசென்ஸ் மேல் பழி போட்டிருக்கலாம், நீங்களும் நம்பியிருப்பீர்கள். பிளேன்டீ பழைய விலைதான்.

உத்தரவுப்பத்திரம் எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31 வரைக்கும்தான். காசு கட்டினால் மட்டும் கிடைத்துவிடாது; பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து மாப்பலகை, தண்ணீர்த் தாங்கி, கழிவுநீர்க் குழி, வேலையாட்களின் நகம் வரை பார்ப்பார். போன முறை வந்தபோது வாசலில் இரண்டு மான்கள் நின்று பழைய பாண் தின்றுகொண்டிருந்தன. இந்த ஊரில் அதற்கு யாரைக் குறை சொல்வது? ஆனாலும் மிச்சப் பாணை வாசலில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்களும் தயவுசெய்து போடாதீர்கள்.

எங்கள் லைசென்ஸ் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது. இவ்வளவு நாளும் அதன் மேல் ஒரு கலண்டர் தொங்கியது. கழற்றிவிட்டேன், வந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பேக்கரிக்காரர்,
திருகோணமலை