லாக்கூர்நெவ் வந்து சேர வழி

தம்பி,

உன்ர வட்சப் மெசேஜ் பாத்தன், நாங்களே வந்திருவம் அம்மா, ஒருத்தரும் எயார்போட்டுக்கு அலைய வேண்டாம் எண்டு. சரி, அலையேல்ல. அப்பாக்கு முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு கார் ஓட டொக்டர் இன்னும் விடேல்ல, எனக்கும் அண்டைக்கு மூண்டு மணி மட்டும் வேலை. ஆனா அதுக்குக் கீழ "ஊபர் பிடிச்சு வாறம்" எண்டு ஒரு வரி போட்டிருக்கிறாய் பார், அதுக்குத்தான் இவ்வளவும் எழுதுறன். போன்ல சொன்னா ஓம் ஓம் எண்டிட்டு வச்சிருவாய், எழுத்தில கிடந்தா மருமகளாவது வாசிப்பா.

டாக்சிக்கு ஒரே விலை, 2025இல 56 யூரோ எண்டு நெட்டில பாத்திருப்பாய். அது பாரிஸ் நகரத்துக்குள்ள சேன் ஆத்துக்கு வடக்குக் கரைக்குப் போற ஆக்களுக்கு, தெற்குக் கரையெண்டா 65. நாங்கள் இருக்கிற லாக்கூர்நெவ் பாரிசுக்கு வெளியில, எங்களுக்கு மீட்டர்தான். பின்னேரம் நாலு மணிக்கு ஏ1 ரோட்டில கார் எல்லாம் நிண்டு நிண்டு போகேக்க அந்த மீட்டர் மட்டும் நிக்காமல் ஓடும். இன்னொண்டு, வெளிய வாற கதவடியில சில பெடியள் நிண்டு "டாக்சி டாக்சி" எண்டு கேப்பாங்கள், சிலவேளை இண்டைக்கு ட்ரெயின் ஓடேல்ல, ஸ்ட்ரைக் எண்டும் சொல்லுவாங்கள். காதில விழுத்தாமல் நேர நட.

நீங்கள் இறங்கிறது சார்ல்ஸ் து கோல் எயார்போட்டின்ர (சுருக்கமா சேடேஜே) ரெர்மினல் 1. வட்டமான பழைய கட்டடம், 1974இல திறந்தது, நடுவில கண்ணாடிக் குழாய்கள் ஒண்டுக்குக் குறுக்க ஒண்டு போகும், அதுக்குள்ளால ஆக்கள் மேலயும் கீழயும் போவினம். பேத்திக்கு அது நல்லாப் பிடிக்கும், கொஞ்ச நேரம் பாக்க விடு. அங்கயிருந்து சேடேஜேவால் எண்டு சின்ன ட்ரெயின் ஒண்டு ரெர்மினலுகளுக்கு நடுவில ஓடுது, அதுக்குக் காசில்ல, ட்ரைவரும் இல்ல. எல்லாரும் அதில ஏறி ரெர்மினல் 3, றுவாசிபோல் எண்டு வாற இடத்தில இறங்கித்தான் பாரிசுக்குப் போற ஆர்ஈஆர் ட்ரெயினைப் பிடிப்பினம். நீ இறங்காதை. கடைசி வரைக்கும், ரெர்மினல் 2 மட்டும் போ. பாரிஸ் ட்ரெயின் அங்கயிருந்துதான் வெளிக்கிடுறது, வெறும் பெட்டியா நிக்கும், சூட்கேசையும் வச்சு புஷ்செயாரையும் மடக்கி ஆறுதலா இருக்கலாம். அடுத்த ஸ்ரேசனில ஏறுற சனம் நிண்டுகொண்டு வரும். ரிக்கற் விலை ரெண்டு இடத்திலயும் ஒண்டுதான்.

விலையைப் பற்றிச் சொல்லோணும். 2025 தையில எல்லாத்தையும் மாத்திப் போட்டாங்கள். எயார்போட்டில ஏறினாலோ இறங்கினாலோ ஒரே விலை, எவ்வளவு தூரம் போனாலும் அதேதான், 2025இல அது 13 யூரோ. 2024இல ஒலிம்பிக்ஸ் நேரம் 16 வாங்கினவங்கள். மெட்ரோவுக்கு தனி ரிக்கற், 2025இல 2.50. ஆனா நீ இந்த எயார்போட் ரிக்கற்றை எடுக்காதை. நீங்கள் வாறது செவ்வாய்க்கிழமை, ரெண்டு கிழமை நிக்கப் போறியள். கவுண்டரில போய் நவிகோ தெகுவேர்த் எண்டு கேள், 2025இல காட்டுக்கு 5 யூரோ, ஒரு கிழமைக்கு 31.60. எயார்போட், மெட்ரோ, பஸ், வெர்சாய், டிஸ்னி எல்லாம் அதுக்குள்ள அடங்கும். அந்தக் கிழமைக் காட் திங்களில இருந்து ஞாயிறு மட்டும், நீ எடுத்த நாளில இருந்து ஏழு நாள் இல்ல, வியாழன் வரைக்கும்தான் அந்தக் கிழமைக்கு விப்பாங்கள், அதால செவ்வாய் எண்டது நல்ல நாள்தான். ஆளுக்கு ஒரு சின்னப் படம் வேணும், ரெண்டரைக்கு மூண்டு சென்ரிமீட்டர், மெல்பேர்னிலயே எடுத்துக்கொண்டு வா. ஒரு காட்டைக் காட்டி ரெண்டு பேர் போகேலாது, உனக்கொண்டு மருமகளுக்கொண்டு. பேத்திக்கு நாலு வயசு ஆகேல்லத்தானே, அவளுக்கு ஒண்டும் தேவையில்ல. மெஷினடியில நிண்டு "ஹெல்ப், ஹெல்ப்" எண்டு உதவிக்கு வாற ஆக்களிட்ட காட்டையோ காசையோ குடுக்காதை. கவுண்டருக்குள்ள இருக்கிற ஆளிட்ட மட்டும் கேள், ஆனா முதல் "போன்ஜூர்" சொல்லு. போன்ஜூர் சொல்லாமல் கேள்வி கேட்டா இஞ்ச உள்ளவைக்கு முகம் சுருங்கிப் போகும்.

இப்ப முக்கியமான விசயம். பகல் நேரத்தில ரெண்டு விதமான ட்ரெயின் வரும். ஒண்டு டைரெக்ட், றுவாசிபோலில இருக்கிற சேடேஜே 1 ஸ்ரேசனில நிண்டிட்டு ஒரே ஓட்டமா பாரிசுக்குள்ள இருக்கிற பெரிய ஸ்ரேசன் கார் து நோர் போயிடும். மற்றது எல்லா ஸ்ரேசனிலயும் நிண்டு நிண்டு போறது. வெளிநாட்டில இருந்து வாற ஆக்கள் எல்லாம் டைரெக்டைக் கண்டோண ஓடிப் போய் ஏறுவினம், நீயும் ஏறுவாய், உன்னைத் தெரியாதே எனக்கு. அது லாக்கூர்நெவில நிக்காது. நான் பிளாட்போமில நிண்டு கையைக் காட்ட நீங்கள் ஜன்னலால பறந்து போயிடுவியள். பிளாட்போம் ஸ்கிரீனில எந்தெந்த ஸ்ரேசனில நிக்கும் எண்டு வரிசையா வரும், அதில "லாக்கூர்நெவ் - ஓபர்வில்லியே" இருக்கோ எண்டு பாத்திட்டு ஏறு. இல்லாட்டி விட்டிட்டு அடுத்ததுக்கு நில், கன நேரம் நிக்க வராது.

தற்செயலா டைரெக்டில ஏறிப் போட்டியள் எண்டா பயப்பிடாதை, கார் து நோரில இறங்கி எதிர்ப் பக்கம் போ. ஆனா அங்கயும் எயார்போட் போற டைரெக்ட்தான் முதல் வந்தாலும் வரும், அதில ஏறினா திரும்ப வெளிக்கிட்ட இடத்துக்கே போயிடுவாய். ட்ரெயின்ர முன்னுக்கு நாலு எழுத்தில ஒரு பேர் போட்டிருக்கும், 'E'யில தொடங்கினா எயார்போட், 'I'யில தொடங்கினா மித்ரி எண்ட ஊர். மித்ரி ட்ரெயினைப் பிடி, ரெண்டாவது ஸ்ரேசன் நாங்கள். கார் து நோரில போனையும் பேக்கையும் கவனமா வச்சிரு, ஐரோப்பாவிலயே கூடச் சனம் புழங்கிற ஸ்ரேசன் எண்டு சொல்லுவினம், களவெடுக்கிறவனுக்கும் அது தெரியும். கதவடியில நிண்டு போன் பாக்கிற பழக்கத்தை மட்டும் விடு, கதவு மூடுற நேரம் பாத்துப் பறிச்சுக்கொண்டு குதிச்சு ஓடுறது இஞ்ச பழைய வித்தை.

வெளிக்கிட்ட உடன வாறது சேடேஜே 1. அதில இறங்கித்தான் நான் வேலைக்குப் போனனான், உனக்குத் தெரியும். ஸ்ரேசனுக்குப் பக்கத்திலயே ஹோட்டலுகள், ரூம் கிளீனிங். லாக்கூர்நெவில விடிய அஞ்சரைக்கு ஏறினா முழுக்க எங்களை மாதிரிப் பொம்பிளையள்தான், மாலி நாட்டு ஆக்கள், போர்த்துக்கல் ஆக்கள், எங்கட ஆக்கள், எல்லாரும் ஹாண்ட்பேக் வாரை மணிக்கட்டில ரெண்டு சுத்துச் சுத்திப் போட்டு நித்திரை. பாசை ஒருத்தருக்கும் ஒருத்தரோட சரிவராது, ஆனா யார் எங்க இறங்கிறது எண்டு எல்லாருக்கும் தெரியும், என்னை எழுப்பிறது ஒரு மாலிக்காரி, முழங்கையால ஒரு இடி. அந்த நேரம் இலங்கையில, ஊரில பத்து மணி, நீ பள்ளிக்கூடத்தில இருப்பாய். வேலை முடிஞ்சு நாலு மணிக்கு வெளிய வந்தா உங்களுக்கு எட்டரை, ஸ்ரேசனுக்குள்ள டெலிபோன் பூத் இருந்தது, அஞ்சு யூரோ காட்டைச் சுரண்டி அம்மம்மா வீட்டுக்கு எடுப்பன். நீ ஒருக்கா கேட்டனி, அம்மா உங்களுக்குப் பின்னால எப்பவும் ஒரு பொம்பிளை கதைச்சுக்கொண்டிருக்கிறா, அவ ஆர், உங்களோட இருக்கிறவவோ எண்டு. அது ட்ரெயின் வருது எண்டு அறிவிக்கிற குரல் ராசா. நான் சிரிச்சுப் போட்டு அது பாரிஸ் சித்தி எண்டு சொல்லிவிட்டன், நீ கன காலம் பாரிஸ் சித்தி சுகமோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தனி. பூத்தை எல்லாம் கழட்டிப் போட்டாங்கள்.

பிறகு வாற ஸ்ரேசனுகள் பார்க் தெ எக்ஸ்போசிசியோன், வில்பான்ற், செவ்ரோன், ஒல்னே, புளோன் மெனில், ட்ரான்சி, புர்ஜே, அதுக்கடுத்தது நாங்கள். முதல் கொஞ்சத் தூரம் வயல் தெரியும், இதுதானோ பாரிஸ் எண்டு மருமகள் கேப்பா. ஈபிள் கோபுரம் ஒண்டும் இந்தப் பாதையில தெரியாது, அதுக்கெண்டு ஜன்னல் பக்கம் சண்டை பிடிக்காதையுங்கோ. ஒல்னேயில மித்ரிப் பக்கத்தில இருந்து வாற பாதையும் வந்து சேரும், அதுக்குப் பிறகு வீடுகள்தான், மதிலெல்லாம் பெயின்ற் கிறுக்கல். ட்ரான்சியில 1941இல இருந்து 44 மட்டும் யூதச் சனத்தைப் பிடிச்சு அடைச்சு வச்ச முகாம் இருந்தது, அங்கயிருந்துதான் சாவுக்கு ட்ரெயின் ஏத்தி அனுப்பினவங்கள். பழைய சரக்குப் பெட்டி ஒண்டை நினைவா வச்சிருக்கினம், அதுக்குப் பின்னால இருக்கிற அதே கட்டடத்தில இப்பவும் சனம் குடியிருக்குது. நான் ஒருக்காப் போய்ப் பாத்தனான், நாங்களும் முகாம் கண்ட ஆக்கள்தானே. விருப்பமெண்டா கூட்டிக்கொண்டு போறன், பேத்தியை அப்பாவோட விட்டிட்டு. அவளுக்கு புர்ஜே மியூசியம், 1927இல லின்ட்பேர்க் அத்திலாந்திக்கைத் தனியத் தாண்டி வந்து இறங்கின விமான நிலையம் அது, பழைய ப்ளேனெல்லாம் நிக்குது.

புர்ஜேயில நிண்டு வெளிக்கிட்ட உடன எழும்பி சாமானைக் கதவடிக்கு எடு. கதவு கன நேரம் திறந்திருக்காது. பெரிய வட்டமா ஸ்டேட் து பிரான்ஸ் விளையாட்டு மைதானம் கிட்டத் தெரிஞ்சா, எங்களைத் தாண்டியாச்சு. வெளிய வரேக்கயும் காட்டை வைக்கோணும், அகலமான கேட் ஒண்டு இருக்கும், புஷ்செயாரோட அதால வா.

ட்ரெயின் பழசு, அதையும் சொல்லிப் போடுறன். ஊத்தை எண்டும் சொல்லுவியள். இந்தப் பாதை எயார்போட்டுக்கு வந்தது 1976இல, இப்ப ஓடுற பெட்டியள் எண்பதுகளில செய்தது, உன்னை விட மூப்பு. கார் து நோர் வரைக்கும் 25,000 வோல்ட், அதுக்குத் தெற்க 1,500 வோல்ட், ஒரே ட்ரெயின் ரெண்டிலயும் ஓடுது எண்டு அப்பா வாற ஆக்களுக்கெல்லாம் விளங்கப்படுத்துவார், உனக்கும் படுத்துவார், முதல் தரம் கேக்கிற மாதிரிக் கேள். 2027இல புதுசா எயார்போட் எக்ஸ்பிரஸ் ஒண்டு விடப் போறாங்களாம், இருபது நிமிசத்தில நேர பாரிஸ் கார் து லெஸ்ற் ஸ்ரேசன். எங்களுக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல, அதுவும் நிக்காமல் போற சாதிதான். என்னதான் எண்டாலும் உங்கட மெல்பேர்ன் எயார்போட்டுக்கு ட்ரெயினே இல்ல, பஸ்தான் எண்டு நீதானே சொன்னனி, அதால நீ வந்து குறை சொல்லேலாது.

ஞாயிறு லாச்சப்பல் போவம். கார் து நோரில இறங்கிப் பின்பக்கம் நடந்தா ரூ காய், ரூ பெர்தோனே எல்லாம் எங்கட கடைதான், கொத்துரொட்டி கேட்டாய். அங்கயிருந்து அப்பிடியே பஜோல் ரோட்டுப் பிள்ளையார் கோயில். உனக்காக வச்ச நேத்தி ஒண்டு கிடக்கு, அதை வந்து கதைப்பம்.

மெல்பேர்னில இருந்து சாமான் கட்டிக்கொண்டு வராதை, சூட்கேஸ் ஆளுக்கு ஒண்டு காணும். ப்ளேன் ரிக்கற்றைப் படம் எடுத்து அப்பான்ர வட்சப்புக்கு அனுப்பு, என்ர போன்ல இடமில்ல எண்டு காட்டுது. பேத்தி இரவில புட்டு சாப்பிடுவாளோ இல்ல இடியப்பமோ எண்டும் மருமகளைக் கேட்டு எழுது.

அம்மா