எந்த எண்ணைப் பார்த்து மூடுகிறீர்கள்?

பள்ளிகளைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். பெஞ்சுகளை இடைவெளி விட்டு நகர்த்தி, துருவேறிய சன்னல் கொக்கிகளுக்கு எண்ணெய் விட்டு, காலையில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்ற நினைப்போடு வீடு திரும்பிய இரவில், கொரோனாவால் மூடிய பள்ளிகளின் திறப்பு மூன்றாம் முறையாகத் தள்ளிவைக்கப்பட்டதாகத் தங்கள் அறிவிப்பு வந்தது. காரணம் ஒரே வரி: 'பொதுமக்களின் பாதுகாப்பு கருதி'.

2020 மார்ச்சில் மூடியதை நான் குறை கூறவில்லை. நோய் எப்படிப் பரவுகிறது என்பதே தெளிவாகாத நாட்கள் அவை. அடுத்த மாதத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். நான் கேட்பது ஒன்றே. எந்த எண்ணைப் பார்த்து மூடுகிறீர்கள், அது எவ்வளவு இறங்கினால் திறப்பீர்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தாருங்கள்.

என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி தாயாருடன் வேலைக்குப் போய்விடும். இரவு 9 மணிக்கு அது திரும்பியதும், தேர்வு எழுதவிருக்கும் அண்ணனுக்குத்தான் முதல் உரிமை. மிஞ்சிய சார்ஜில் இவள் என் பாடத்தைப் பார்ப்பாள். மறுநாள் எனக்கு வரும் வீட்டுப்பாடப் படத்தில் முதல் மூன்று வரிகள் நேராக நிற்கும். நான்காவது வரி சரிந்து, பென்சில் கோடு தாளின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போயிருக்கும். எழுதியபடியே தூங்கியிருக்கிறாள். சில மாதங்களாக அந்தப் படமும் வருவதில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்றார் தாயார். தங்கள் பாதுகாப்புக் கணக்கில் இவள் எங்கே வருகிறாள்?

அதே வீட்டில் அவளுடைய வயதான பாட்டியும் இருக்கிறார். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசாகவே வந்துபோகும் நோயை அவர்கள் பாட்டியிடம் கொண்டுசேர்க்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கே சர்க்கரை நோய் உண்டு. அச்சமில்லை என்றால் அது பொய். கண்ணை மூடிக்கொண்டு திறக்கச் சொல்லாமல் அளவுகோல் கேட்பது அதனால்தான். டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே சிறுவர் வகுப்புகளைத் தொடங்கியது. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தது, இயன்றபோது திறந்தவெளியில் பாடம் நடத்தியது. 1918 ஃப்ளூ காய்ச்சல் பெருந்தொற்றின்போது நியூயார்க் நகரம் பள்ளிகளை மூடவே இல்லை: நெரிசலான குடியிருப்புகளைவிட, மருத்துவரும் செவிலியரும் நாள்தோறும் கவனிக்கும் வகுப்பறை பிள்ளைகளுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் அவர்கள் தங்கள் கணக்கைச் சொன்னார்கள்.

இங்கோ கடைவீதிகள் திறந்தாயிற்று, திரையரங்குகள் திறந்தாயிற்று, பொதுக்கூட்டங்களுக்கும் தடையில்லை. மூன்று மணி நேரம் படம் பார்ப்பவரை ஒன்றும் செய்யாத கிருமி, வாய்ப்பாடு சொல்பவர்களை மட்டும் தேடி வரும் போலிருக்கிறது. பெரியவர்களின் பொழுதுபோக்கைக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு... மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு விலகுகிறேன்.

அடுத்த அறிவிப்பு திறப்பதற்கானதாக இருந்தாலும் மூடுவதற்கானதாக இருந்தாலும், அந்த இரண்டு எண்களையும், அவற்றை எப்படி வகுத்தீர்கள் என்பதையும் சேர்த்தே வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஒரு வாரம் முன்னதாகத் தெரிந்தால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும். சன்னல் கொக்கிகளுக்கு மறுபடி எண்ணெய் விட எனக்கு ஒரு பிற்பகல் போதும்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை