பூவன் பழத்துக்குள் இருந்த புள்ளிகள்

காட்பாடி
மாசி 20

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. ‘ஒட்டகம்’ என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவோமே, அவன் பெண்ணுக்கு வைகாசியில் குடியாத்தத்தில் கல்யாணம். உனக்கும் பத்திரிகை வந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. போன ஞாயிறு திண்ணையில் உட்கார்ந்து, “தமக்குள் கலந்து வளமான சந்ததியை உண்டாக்கும் உயிர்களின் கூட்டமே சிற்றினம்” என்று சத்தம் போட்டுப் படித்தாள். கையில் பாதி கடித்த பூவன் பழம். திடீரென்று, “வாழைக்குத்தான் விதையே இல்லையேப்பா, இது எதோட கலக்குது?” என்றாள்.

இன்னொரு பழத்தைக் குறுக்கே நறுக்கினேன். நடுவில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். விதையாக வேண்டியவை, வளராமல் நின்றுவிட்டன. இருபத்தெட்டு வருஷம் அந்த வரையறையைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன் சேகர். கொல்லையில் நிற்கும் வாழையை ஒருநாளும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மனசு கேட்கவே இல்லை.

பூவன், இரண்டு காட்டுவாழைகள் கலந்து வந்தது. குரோமோசோம் மூன்று தொகுதி, சரிபாதியாகப் பிரியாது. அதனால் விதை பிடிக்காது, பக்கக்கன்றுதான். உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் 1753-ல் ஒரு வாழைக்கும் 1759-ல் இன்னொன்றுக்கும் தனித்தனியாகச் சிற்றினப் பெயர் வைத்தார். இரண்டுமே கலப்பு என்று பிற்பாடு தெரிந்தது.

நீ உடனே பறவை ஆராய்ச்சியாளர் எர்ன்ஸ்ட் மயரை இழுப்பாய். 1942-ல் இந்த வரையறையை நிலைநிறுத்தியவரே அவர்தானே. நியூகினி மலையில் அவர் பிரித்தறிந்த 137 பறவை இனங்களுக்கு அங்கத்து மக்களிடம் ஏற்கெனவே 136 பெயர்கள் இருந்தன என்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் விடிய விடிய வாதாடியவன் நீ. இன்றும் அதை மறுக்க மாட்டேன். பறவை தன் ஜோடியைத் தானே தேடிக்கொள்கிறது, எல்லையையும் தானே போட்டுக்கொள்கிறது. பூவனுக்கு எல்லை போடுவது கன்றைப் பெயர்த்து அடுத்த குழியில் நடுகிற கைதான். இரண்டாகப் பிளந்தே பெருகும் பாக்டீரியாவுக்கு அந்தக் கையும் இல்லை. மூன்றுக்கும் ‘சிற்றினம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அது ஒரே பொருள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம்.

அவளிடம், “புத்தகத்தில் இருப்பதையே எழுது, மார்க் போய்விடும்” என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே வா, ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
ரவி