படையைக் கலைப்பதற்கு முன் ஒரு வார்த்தை

நாட்டிங்காமிலுள்ள கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சின்னப் பொம்மைப் படைகளைக் கட்டி மேசைமேல் மோதவிடும் உங்கள் வார்ஹேமர் விளையாட்டுகளை ஆடுகிறவர்கள் உங்கள்மேல் சொல்லும் குறைகளில் பாதி விலையைப் பற்றியதாகத்தான் இருக்கும். நான் அதில் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. உங்கள் பெட்டிகளின் விலை அதிகம். அது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். முடிந்தவர் வாங்குகிறார், முடியாதவர் கைமாறி வரும் பழையவற்றைத் தேடிப் போகிறார். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 நிறுவனங்களுக்குள் நுழைந்தீர்கள். 2025 ஜூன் தொடக்கத்தில் முடிந்த நிதியாண்டில் வருமானம் 60 கோடி பவுண்டைத் தாண்டியது. பொம்மைச் சிப்பாய் விற்றுப் பிழைக்க முடியுமா என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள். வாழ்த்துகள். என் மனக்குறை வேறு. ஒரு பொருளை எங்களுக்கு விற்றுவிட்ட பிறகும் அதன் ஆயுளை நீங்களே தீர்மானிக்கிறீர்கள்.

ஸ்பேஸ் மரீன் என்ற கவசப் பொம்மை வீரன் ஒருவன் மேசைக்கு வந்து சேரும் கதை உங்களுக்குத் தெரியும். உங்கள் பங்குதாரர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். பெட்டியைத் திறந்தால் இருப்பது சாம்பல் நிறச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கை, கால், தலை. அவற்றை இடுக்கியால் நறுக்கி எடுக்க வேண்டும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மயிரிழையாக ஓடும் வரம்பைக் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். பசையிட்டு ஒட்டி, கறுப்பு ஸ்பிரே அடித்துக் காயவிட்டு, அதன்மேல் அடிவண்ணம். பிறகு நீர்த்த கருமையைப் பூசினால் அது கவசத்தின் இடுக்குகளில் போய்த் தேங்கி நிழலாகிவிடும். கடைசியில் ஒவ்வொரு விளிம்பிலும் மெல்லிய வெளிர்கோடு. கண்ணில் வெள்ளைப் புள்ளி வைக்கப் போய்க் கன்னம் முழுக்க அப்பிவிட்டு, முகத்தையே முதலிலிருந்து தீட்டாதவர் எங்களில் யாருமில்லை. பத்துப் பேர் கொண்ட ஓர் அணிக்கே வாரக்கணக்கில் மாலைப்பொழுதுகள் போய்விடும். முழுப் படை என்றால் ஆண்டுக்கணக்கு. மேசையில் நிற்கும் படையில் உங்களுடையது வடிவமும் பிளாஸ்டிக்கும். மீதியெல்லாம் எங்கள் கைவேலை.

அந்தக் கைவேலைக்கு உங்கள் திட்டங்களில் இடமில்லை என்பது 2015இல்தான் எங்களுக்கு உறைத்தது. 1983 முதல் வந்துகொண்டிருந்த வார்ஹேமர் ஃபேன்டஸி விளையாட்டை நிறுத்தினீர்கள். நிறுத்தியது மட்டுமல்ல, அந்த உலகத்தையே கதைக்குள் அழித்துவிட்டீர்கள். ஜூலையில் அதன் இடத்துக்கு ஏஜ் ஆஃப் சிக்மார் என்ற புதிய விளையாட்டு வந்தது. அடிப்படை விதிகள் நான்கே பக்கம். எதிரெதிர்ப் படைகள் சமபலம்தானா என்று பார்க்கப் புள்ளிக் கணக்குக்கூட இல்லை. பழைய பொம்மை வீரர்களுக்கு இலவசமாக விதித்தாள்கள் கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு தளபதிக்கு இப்படி ஒரு சலுகை: ஆடுகிறவரின் மீசை எதிராளியின் மீசையைவிடப் பெரியதாக இருந்தால், குறிதவறிய பகடையை மறுபடி உருட்டலாம். மீசைக்காரன் என்ற முறையில் எனக்குச் சிரிப்பு வரத்தான் செய்தது. முப்பது ஆண்டுகளாக ஆடிய விளையாட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு அது எகத்தாளமாகக் கேட்டது. ஒருவர் தன் டார்க் எல்ஃப் படையைக் கொளுத்தி வீடியோ எடுத்தார். அது அதிகப்படி என்பதே என் கருத்து. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தூரிகை பிடித்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பழைய பொம்மை வீரர்கள் நின்றது சதுரத் தட்டில். சிக்மாரின் புதிய வீரர்கள் வட்டத் தட்டில் வந்தார்கள். படை ஒரே மாதிரி தெரிய வேண்டுமென்று பலர் பழைய வீரர்களைச் சதுரத் தட்டிலிருந்து அறுத்தெடுத்து வட்டத்தில் ஒட்டினார்கள். 2024 ஜனவரியில் ‘தி ஓல்ட் வேர்ல்டு’ என்ற பெயரில் அதே பழைய உலகத்தைத் திரும்பக் கொண்டுவந்தீர்கள். மறுபடியும் சதுரம். அதுவும் பழைய சதுரமல்ல. மனிதக் காலாட்படை நின்ற 20 மில்லிமீட்டர் தட்டு 25 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. அறுத்தவர் தலையில் கைவைத்தார் என்றால், எதையும் தொடாமல் ஒன்பது ஆண்டுகள் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தவரும் தப்பவில்லை.

பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2018இல் ஏஜ் ஆஃப் சிக்மாரின் இரண்டாம் பதிப்பு வந்தபோது, புதிதாக ஆட வருகிறவர்களுக்கான பெட்டியில் முன்வரிசையில் நின்றவர்கள் ஸ்டார்ம்காஸ்ட் என்ற படையின் சேக்ரோசாங்க்ட் பிரிவு வீரர்கள். 2024இல் அவர்களை விற்பனையிலிருந்து விலக்குவதாக அறிவித்தீர்கள். ஆறே ஆண்டு. அச்சு தேய்ந்த முப்பது வயது மினியேச்சர்கள் அல்ல அவை. சிறிது அவகாசம் கொடுத்து, பிறகு ‘லெஜண்ட்ஸ்’ என்ற பட்டியலில் சேர்த்தீர்கள். பெயர் கம்பீரமாகத்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்குப் போனவர்களைப் போட்டிகளில் காண முடியாது என்பதுதான் அதன் பொருள். கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்து வீட்டை விற்றுவிட்டு, ஆறு ஆண்டு கழித்து வந்து அடுப்பங்கரையில் இனிச் சமைக்கக் கூடாது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

புத்தகங்களின் கதி இதைவிட மோசம். விண்வெளிப் போரைச் சொல்லும் வார்ஹேமர் 40,000 விளையாட்டுக்கு 2017, 2020, 2023 என்று மூன்றாண்டுக்கு ஒரு பதிப்பு. அடுத்தது எப்போது என்று கேட்க நாங்கள் ஜோசியரிடம் போக வேண்டியதில்லை. ஆனால் வேர்ல்டு ஈட்டர்ஸ் படைக்கான கோடெக்ஸ், அதாவது அந்தப் படையின் விதிப்புத்தகம், கெட்டி அட்டையில் வெளிவந்தது 2023 பிப்ரவரியில். மார்ச்சில் பத்தாம் பதிப்பை அறிவித்தீர்கள். ஜூனில் அது வந்ததும், அதற்கு முன் அச்சான எல்லாக் கோடெக்ஸும் செல்லாமல் போயின. புதிய பதிப்புக்கு எல்லாப் படைகளின் விதிகளையும் இலவசமாகக் கொடுத்தீர்கள். அது நல்ல காரியம். ஐந்து மாதம்கூட உயிரோடிருக்காத புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவருக்கு அதனால் என்ன ஆறுதல்? அச்சகத்துக்கு அனுப்பும்போதே அதன் ஆயுள் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

இன்னொன்று. உங்கள் ஆரம்பகால வெளியீடுகளில் காலியான வாசனைத் திரவிய டப்பாவைக் கொண்டு பறக்கும் டாங்கி செய்து காட்டினீர்கள். கையில் கிடைத்ததை வைத்துப் படை கட்டலாம் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். 2010இல், உங்கள் மினியேச்சர்களில் பொருத்தும் உதிரிப் பாகங்கள் விற்ற சேப்டர்ஹவுஸ் ஸ்டூடியோஸ் என்ற சிறு நிறுவனத்தின்மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டீர்கள். 2013இல் தீர்ப்பு பாதி உங்களுக்கும் பாதி அவர்களுக்குமாக வந்தது. அதன்பின், விதி மட்டும் எழுதி நீங்கள் மினியேச்சர் விற்காத வீரர்கள் விதிப்புத்தகங்களிலிருந்து ஒவ்வொருவராக மறைந்தார்கள். அவர்களைச் சொந்தமாகச் செதுக்கி வைத்திருந்தவர்கள்தான் நட்டப்பட்டார்கள். 2021 ஜூலையில் ரசிகர்கள் எடுக்கும் அனிமேஷன்களுக்குத் தடை. ஆகஸ்டில் உங்கள் கட்டணச் சேவையான வார்ஹேமர் பிளஸ் தொடக்கம். உரிமையைக் காக்கிறோம் என்பீர்கள். காத்துக்கொள்ளுங்கள். காசு பார்க்காமல் படம் எடுத்தவரையும், உங்கள் சரக்கைத் திருடி விற்றவரையும் ஒரே தராசில் வைத்ததுதான் கசக்கிறது.

கேட்டால் நீங்கள் செவிசாய்ப்பதும் உண்டு. ஒரு காலத்தில், சந்தையில் என்ன வேண்டும் என்று யாரிடமும் கேட்பதில்லை என்று ஆண்டறிக்கையிலேயே பெருமையாக எழுதியவர்கள் நீங்கள். அதே நிறுவனம் 2016இல் சிக்மாருக்குப் புள்ளிக் கணக்கைத் திருப்பிக் கொடுத்தது, ஆட்டமும் பிழைத்தது. அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு மினியேச்சர் கடைக்கு வந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்காவது அதற்கு நடப்பு விதிகள் உண்டு என்று பெட்டியிலேயே அச்சிடுங்கள். அதன்பின் அச்சை உடைத்தாலும் சரி, உருக்கினாலும் சரி. லெஜண்ட்ஸ் பட்டியலுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது புள்ளிகளைத் திருத்தி, நீங்கள் நடத்தும் போட்டிகளில் ஒரு பிரிவிலாவது அவர்களை ஆடவிடுங்கள். புதிய பதிப்பு வருவதற்கு முந்தைய ஓராண்டில் கோடெக்ஸ் வாங்கியவருக்கு அடுத்த கோடெக்ஸின் மின்பதிப்பைச் சும்மா கொடுங்கள். 60 கோடி பவுண்டில் இது எந்த மூலைக்கு?

இது உங்களுக்கும் லாபம்தான். உங்கள் கடைகள் பலவற்றில் இருப்பது ஒரே ஓர் ஊழியர். புதிதாக வரும் பிள்ளைக்குப் பகடையைக் கையில் கொடுத்து, தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத பழைய ஆட்டக்காரர்கள். தங்கள் படை அடுத்த பதிப்பில் இருக்குமா என்றே தெரியாதவர்கள், எந்தப் படையை வாங்கலாம் என்று அந்தப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வார்கள்? அடுத்த பதிப்பை மேடையில் அறிவிக்கும் அன்றே, அதில் யாரெல்லாம் இருக்க மாட்டார்கள் என்ற பட்டியலையும் சேர்த்து வாசியுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் வண்ணம் தீட்டாத பெட்டிகளை அலமாரியில் வைத்திருக்கும் ஓர் ஆட்டக்காரன்