விளம்பி வருடத்துப் புத்தகம்

மதுரை

அன்புள்ள மீனா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நல்லது. அதற்காக மாடிப்படி ஏறி வீம்பு பண்ணாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஓய்வு பெற்ற பிறகு எப்படிப் பொழுது போகிறது என்று கேட்டிருந்தாய். எங்கே ஓய்வு! மறைந்த ஒரு தமிழாசிரியரின் வீட்டுப் புத்தகங்களை அவர் குடும்பத்தார் ஒரு கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பட்டியலைச் சரிபார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், போய்க்கொண்டிருக்கிறேன்.

உன் மருமகன் மெட்டாடேட்டா, மெட்டாடேட்டா என்கிறாரே, அந்தக் காலத்தில் நூலகத்தில் நாம் கார்டில் அடித்ததுதானே என்று கேட்டாய். அதேதான். நாம் ஆசிரியருக்கு ஒரு கார்டு, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று அடித்து இழுப்பறையில் கோத்தோம். இப்போது ஒரே பதிவு, எந்தப் பக்கத்திலிருந்தும் பிடிக்கலாம். இந்தக் கல்லூரியில் கோஹா என்ற நூலக மென்பொருள். உள்ளே இருப்பது மார்க் என்ற பதிவு முறை, ஒவ்வொரு விவரத்துக்கும் எண் போட்ட ஒரு புலம்: 100-இல் ஆசிரியர், 245-இல் தலைப்பு, 650-இல் பொருள். 1960-களில் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் ஆவ்ரம் என்ற அம்மாள் உருவாக்கியது, இன்னும் அசையவில்லை. இணையத்துக்காக 1995-இல் ஒஹாயோ மாநிலத்து டப்ளினில் கூடிப் பேசத் தொடங்கியதிலிருந்து வந்த டப்ளின் கோர் என்ற இன்னொரு முறை இன்னும் எளிது, மொத்தமே 15 கட்டம்தான். கட்டம் எத்தனை என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. அதில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

நான் போவதற்கு முன்பே ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்து ‘டேட்டா என்ட்ரி’ முடித்துவிட்டார்கள். பதிவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, அட்டையைப் பார்த்து அடித்திருக்கிறார்கள். பதிப்பித்தவரெல்லாம் ஆசிரியர் ஆகிவிட்டார். சித்த வைத்தியம், சோதிடம், சமையல் எதுவானாலும் பொருள் ‘தமிழ் இலக்கியம்’. ஒரு அலமாரி முழுக்கப் பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள்; யூனிகோட் இல்லாததால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது.

இதில் ஔவையார் கதையைக் கேள். ஆத்திசூடி உரைகள் கண்ணெதிரே அலமாரியில் இருக்கின்றன, கணினியில் தேடினால் ‘இல்லை’ என்கிறது. பார்த்தால், ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்திருக்கிறார்கள். நம் கண்ணுக்கு ரெண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. கேட்க வந்த மாணவி ‘சரி மேடம்’ என்று போய்விட்டாள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நம் நூலகவியல் மேதை ரங்கநாதன் 1931-இலேயே விதி எழுதி வைத்தார். இங்கே வாசகரையே மிச்சப்படுத்திவிட்டோம்.

பெயர்களும் அப்படித்தான். உ.வே.சா. மட்டும் சாமிநாதையர், சாமிநாதய்யர், சுவாமிநாதையர் என்று தனித்தனி ஆளாக உட்கார்ந்திருந்தார். ஒரு வடிவத்தைத் தலைப்பாக வைத்து, மற்றதையெல்லாம் அதற்குள் ‘காண்க’ என்று கட்டிவிட்டேன். புதுமைப்பித்தனைப் புனைபெயரிலேயே வைத்து, சொ. விருத்தாசலத்திலிருந்து வழி காட்டியாயிற்று. அமெரிக்க நூலகங்கள் 1962-இலிருந்து நம் புத்தகங்களை மூட்டை மூட்டையாக வாங்கி ஒழுங்காகப் பட்டியல் போட்டிருக்கின்றன. அதிலிருந்து பதிவை இறக்கிக்கொள்ளலாம், பாதி வேலை மிச்சம். ஆனால் அவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ‘த’ வந்தால் எப்போதும் வெறும் ‘t’ எழுத்துதான். நம் பிள்ளைகள் ‘th’ போட்டுத் தேடுகிறார்கள். அதனால் 880-ஆம் புலத்தில் தமிழ் எழுத்திலும் போட்டாக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன். நூலகருக்கு இதில் சலிப்புதான், இருந்தாலும் மரியாதைக்குத் தலையாட்டுகிறார்.

முக்கியமாக எழுத வந்தது வேறு. ஒரு சின்ன வைத்திய நூல், தாள் பழுத்து ஓரம் உதிர்கிறது. முகப்புப் பக்கத்தில் ஆங்கில வருடமே இல்லை. ‘விளம்பி௵ தை௴’, அதாவது விளம்பி வருடம் தை மாதம், என்று மட்டும் இருக்கிறது. பதிவில் என்ன வருடம் போட்டிருந்தார்கள் தெரியுமா? 2018! யாரோ இணையத்தில் விளம்பி என்று தேடி, முதலில் வந்ததைப் போட்டிருக்கிறார்கள். விளம்பி அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும்: 1838, 1898, 1958. எதுவென்று எப்படிச் சொல்வது? முகப்பின் அடியில் 1867-ஆம் வருடத்து 25-வது சட்டப்படி ரிஜிஸ்டர் செய்தது என்று இருக்கிறது, ஆக 1838 போயிற்று. விலை நாலணா. நயா பைசா 1957-இல் வந்துவிட்டது, அப்புறமும் கொஞ்ச நாள் அணாக் கணக்கு பேசினார்கள் என்றாலும், தாளையும் எழுத்தையும் பார்த்தால் 1958 இல்லை. மிஞ்சியது 1898. அங்கேயும் சும்மா விடக் கூடாது. விளம்பி சித்திரையில் பிறந்தது 1898 ஏப்ரலில், அந்த வருடத்துத் தை மாதம் வருவது 1899 ஜனவரியில். ஆகவே சதுர அடைப்புக்குள் 1899 போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்தேன். முகப்பில் இருந்ததை அப்படியே குறிப்புப் புலத்தில் எழுதி, எப்படிக் கணக்குப் பார்த்தேன் என்றும் இரண்டு வரி சேர்த்தேன். கேள்விக்குறி அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாமே என்றார் நூலகர். நாளைக்கு யாராவது ஆராய்ச்சிக் கட்டுரையில் 1899 என்று அடித்துச் சொல்லிவிடுவார்கள், அது இருக்கட்டும் என்றேன். இனி இதையெல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும் என்று உன் மருமகன் சொல்வதாக எழுதினாய். பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தைப் படிப்பதற்கு அது போதும். கேள்விக்குறியை எங்கே வைப்பது என்று அது எனக்குச் சொல்லட்டும், மறுநாளே வேலையை ஒப்படைத்துவிடுகிறேன்.

அதனால் ஒரு உதவி. அதே 1867 சட்டப்படி அரசாங்கம் காலாண்டுக்கு ஒரு பட்டியல் அச்சிட்டது நினைவிருக்கும்: தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்கம், எத்தனை பிரதி, விலை எல்லாம் அதில் உண்டு. இப்போதைய பிள்ளைகள் மெட்டாடேட்டா என்று சொல்வது இதைத்தான். அந்தத் தொகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, ஸ்கேன் செய்தும் போட்டிருக்கிறார்கள். பொடி எழுத்து, கண்புரை ஆபரேஷன் ஆன என் கண்ணுக்கு ஆகவில்லை. உன் மகள் லண்டனில்தானே இருக்கிறாள், சென்னை மாகாணப் பட்டியலில் 1899 முதல் இரண்டு காலாண்டுகளைப் பார்த்துச் சொல்லச் சொல். அச்சிட்ட ஊர் உங்கள் திருநெல்வேலி. அச்சகத்தின் பெயரைப் பூச்சி அரித்துவிட்டது, ‘விலாசம்’ என்ற கடைசிச் சொல் மட்டும் மிச்சம். முகப்பைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே கிடைத்தால் கேள்விக்குறியை எடுத்துவிடுகிறேன்.

பேத்திக்குப் பரீட்சை முடிந்ததும் இரண்டு பேருமாக ஒரு நடை வந்து போங்கள்.

அன்புடன்,
கோமதி